அரிவாள்மனை தீட்டித் தந்த ஐயாவுக்கு

பினாங்கு லிட்டில் இந்தியா பக்கத்துச் சந்தில் இருக்கும் பழைய கத்திக்கடைப் பெரியவருக்கு இந்த நன்றி.

தைப்பூசத்துக்கு முந்தின நாள். தண்ணீர்ப் பந்தலுக்குக் காய்கறி அரிய வேண்டும், அம்மாவின் அரிவாள்மனையோ பூசணிக்காயில் வழுக்கியது. முன்பு வேறோர் இடத்தில் மின்சாரச் சக்கரத்தில் தீட்டியபோது சூடேறி விளிம்பு நீலம் பாய்ந்திருந்தது. அப்படி நீலமானால் இரும்பின் உறுதி போய்விடும், கூர் நிற்காது என்று அவர்தான் விளக்கினார்.

"புதுசே வாங்கிக்கவா ஐயா?"

"அம்மா புழங்கின பொருள்மா. அவசரப்படாதே."

தண்ணீர் விட்டு விட்டு, நீலம் பாய்ந்த இடத்தை மெல்லத் தேய்த்து எடுத்தார். பிறகு 1000 எண் தீட்டுக்கல், அடுத்து அதைவிட நைசான 3000 எண் கல். நடுநடுவே கட்டைவிரலை விளிம்புக்குக் குறுக்கே வைத்து, மறுபுறம் பிசிறு எழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அது எழுந்தால்தான் கல் விளிம்புவரை எட்டியிருக்கிறது என்று அர்த்தம். கடை சாத்தும் நேரம் தாண்டி முக்கால் மணி நேரம் எனக்காக உட்கார்ந்திருந்தார். 10 வெள்ளி (ரிங்கிட்) நீட்டினேன். "பந்தலுக்குத்தானே" என்று வாங்க மறுத்துவிட்டார்.

ஐயா, அவசரத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். அன்று இரவு அம்மா ஒரு கூடை முட்டைக்கோஸ் அரிந்தார். நூல் நூலாக விழுந்தது. மனமார்ந்த நன்றி ஐயா.