கதை சொன்ன ஆயாவுக்கு

அன்புள்ள ஆயா,

உங்கள் பெயர் என்ன என்று யாருக்கும் தெரியாது. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் மரப்பலகை அச்சுப்படத் தொடர் ஒன்றின் தலைப்பில் மட்டும் இருக்கிறீர்கள். 'நூறு கவிஞர், நூறு பாட்டு: செவிலி சொன்ன விளக்கம்.' 1835 வாக்கில் அவர் அதைத் தொடங்கியபோது அவருக்கே 75 வயது.

பாட்டெல்லாம் பெரும்பாலும் அரண்மனைச் சரக்கு. 13ஆம் நூற்றாண்டில் கவிஞர் புஜிவாரா நோ தெய்கா ஆளுக்கு ஒன்றாகப் பொறுக்கிச் சேர்த்தவை. எடோ காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) அவற்றை வைத்துச் சீட்டே விளையாடினார்கள், அதனால் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். பொருள்தான் பிடிபடாது. அங்கேதான் நீங்கள் உட்கார்ந்து கதையை ஆரம்பிக்கிறீர்கள்.

ஹிதொமாரோவின் பாட்டில், மலைக்கோழியின் தொங்கும் வால்போல நீளமான இரவு. அதில் ஒருவன் தனியாகத் தூங்க வேண்டும். அவ்வளவுதான். உங்கள் படத்தில் கோழியைக் காணோம்! மீனவர்கள் வலையை இழுத்துக்கொண்டு வருகிறார்கள், பக்கத்தில் மூட்டிய தீயிலிருந்து புகை நீண்டு நீண்டு மேலே போகிறது. வாலைத் தேடிய என் கண் கடைசியில் அந்தப் புகையில் போய் நின்றது. சருமாரு பாட்டில் மான் கத்தும், இலையுதிர்கால ஏக்கம் வரும். உங்கள் படத்திலோ வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்கள்தான் முன்னால். மான் ஜோடி தூரத்துக் குன்றில் துளியூண்டு. பண்டிதர்கள் பாட்டை நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்பார்கள். சொல்லட்டும். எனக்கு உங்கள் விளக்கம்தான் பிடித்திருக்கிறது.

ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. நூறும் வரவில்லை ஆயா. பஞ்ச காலம் அது. நிஷிமுராயா என்ற பதிப்பாளர் தொடங்கிய பதிப்பு இசேயா என்ற இன்னொரு பதிப்பாளர் கைக்கு மாறியது, 27 படங்களோடு நின்றும் போனது.

ஆனால் நின்றதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஓவியர் மெல்லிய தாளில் மையால் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அதைச் செர்ரிப் பலகையில் குப்புற ஒட்டுவார். தாளின் பின்பக்கத்து நார்களை விரலால் தேய்த்துத் தேய்த்து உரித்தால் கோடு பளிச்சென்று தெரியும். அப்புறம் கோட்டின் இருபக்கமும் கத்தி இறங்கும். பலகை தயாராகும்போது தாள் இருக்காது. ஆக, அச்சேறிய ஒவ்வொரு படமும் ஹொகுசாயின் கைக்கோட்டைத் தின்றுவிட்டுத்தான் பிறந்தது. அச்சுக்குப் போகாதவைதான் தப்பித்தன. அப்படித் தங்கிய தாள்களில் நிறைய இன்று வாஷிங்டனின் ஃப்ரியர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பதிப்பு நொடித்ததற்காக வருத்தப்படுவதா, கும்பிடு போடுவதா என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அந்தத் தாள்களில் நிறம் கிடையாது. முதல் பலகையைச் செதுக்கி, கருப்புப் பிரதி எடுத்துக் கொடுத்த பிறகுதான் எங்கே எந்த நிறம் என்று ஓவியர் குறிப்பார். நிறத்துக்கு ஒன்றாக மற்றப் பலகைகள் அதன்பின்தான். இந்தத் தாள்கள் அதுவரை போகவே இல்லை. மலை, ஓடை, ஆட்களின் உடுப்பு எல்லாம் வெறும் கோடாகவே நிற்கின்றன.

நீங்கள் கதை சொல்லும்போது நிறத்தை எப்படியும் சொல்லியிருப்பீர்கள். அந்த ஆட்களுக்கு என்ன நிறத்தில் உடுப்பு போட்டீர்கள், ஆயா?

இப்படிக்கு,
பாதிக் கதை மட்டும் கேட்ட ஒருவன்