ஏழு வயது என்னும் பழைய வரம்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் குழந்தை நலக் கட்டுரையில், பிடித்த வேலையில் ஒரு மணி நேரம் உட்காரும் பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைபாடு இருக்காது, அது வெறும் பிடிவாதம் என்றும், அறிகுறிகள் 7 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

அந்த 7 வயது வரம்பை, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் மனநலக் கோளாறுகளைக் கண்டறிவதற்கான டி.எஸ்.எம். கையேட்டின் ஐந்தாம் பதிப்பைக் கொண்டுவந்தபோதே 12-ஆக மாற்றிவிட்டது என்பது தாங்கள் அறியாததன்று. பாடமும் எழுத்து வேலையும் கூடிய பிறகே சில பிள்ளைகளின் சிரமம் வெளியே தெரிகிறது. எந்த வயதில் தொடங்கியது என்பதைப் பெற்றவர்களாலும் சரியாக நினைவுகூர முடிவதில்லை. மனம் லயிக்கும் வேலையில் அறிகுறிகள் குறைந்தோ, இல்லாமலோ இருக்கலாம் என்பதையும் அந்தக் கையேடே சொல்கிறது.

என் பேரனுக்குப் பத்து வயது. தாத்தாவோடு திண்ணையில் உட்கார்ந்து, வலையில் சிக்கிய நண்டை ஒரு நூலும் அறாமல், ஒரு காலும் ஒடியாமல் எடுத்துப் போடுவான். அதே பிள்ளை கரும்பலகையில் உள்ள நான்கு வரிகளை எழுதி முடிப்பதற்குள் மூன்று முறை எழுந்துவிடுகிறான். வாரத்துக்கு இரண்டு பென்சில் தொலைக்கிறான். வலைக்கு முன் உட்காரத் தெரிந்தவனுக்குப் புத்தகத்துக்கு முன் உட்காரத் தெரியாதா என்று கேட்ட பள்ளி, நான்காம் வகுப்பின் நடுவிலேயே டி.சி.யைக் கையில் கொடுத்தது. பேருந்தில் மதுரைக்குப் போய் அரை நாள் காத்திருந்து பார்த்த மருத்துவரும், 7 வயதுக்கு முன் தொந்தரவு இல்லையென்றால் இது அதுவல்ல என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார். அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடிக்கின்றனவா, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிகின்றனவா என்று விசாரிக்க வேண்டும் என்பதும் விதிதான். அதை அவர் கேட்கவே இல்லை.

டி.சி. கொடுத்த அன்று 'எதிர்த்துப் பேசுகிறான்' என்றும் சொன்னார்கள். அதைக் கோளாறு என்று சொல்லவும் அளவுகோல் உண்டு. ஐந்து வயதைக் கடந்த பிள்ளையின் கோபமும் வாக்குவாதமும் வாரம் ஒரு முறையாவது, ஆறு மாதம் நீடித்து, உடன்பிறந்தவர் அல்லாத ஒருவரிடமாவது வெளிப்பட வேண்டும் என்கிறது ஐந்தாம் பதிப்பு. எந்த அளவும் பார்க்காமல் அடங்காப்பிடாரி என்று பெயர் வைத்தார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது, கவனக்குறைபாட்டின் பெயர் இல்லை. எந்த அலுவலகத்தில் போய் நியாயம் கேட்பது? கயிறு கட்டச் சொல்ல மட்டும் அக்கம்பக்கத்தில் ஆள் உண்டு. 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் மாண்டது எங்கள் மாவட்டத்தில்தான் என்பதைத் தாங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

பிறரை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. முப்பத்தோராண்டுகள் ஆசிரியையாக இருந்தவள் நான். இருக்கையில் உட்காராத ஒரு மாணவனை வெயிலில் முட்டி போட வைத்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுப் படகேறிவிட்டான். இன்று ஏலக்கூடத்தில் இறாலைத் தரம் பிரிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. என்னைக் கண்டால் 'டீச்சர்' என்று எழுந்து நிற்கிறான். எனக்குத்தான் பேச்சு வருவதில்லை. அன்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இன்று எங்கள் ஊர் ஆசிரியர்கள் தங்கள் இதழைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். அதிலும் பழைய வரம்பே அச்சேறினால் அடுத்த பிள்ளைக்கும் டி.சி.தான்.

எனவே, வரும் ஞாயிறு இணைப்பில் அந்த இரு வரிகளுக்கும் திருத்தம் வெளியிட்டு, இப்போதைய அளவுகோல்களை எளிய தமிழில் ஒரு கட்டத்துக்குள் அச்சிட வேண்டுகிறேன். ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டிவைக்கும் அளவில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.