பீரோ சாவியை ஆசிரியர் ஏன் கொடுப்பதில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னையின் அரசு, மாநகராட்சி உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் நூலகமும் இருக்கிறது, புத்தகமும் இருக்கிறது. ஆனால் எல்லாம் பூட்டிய பீரோவுக்குள். "இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், கையில் செல்போன் இருந்தால் போதும்" என்று பழியைப் பிள்ளைகள் மேல் போட்டுவிடுகிறோம். முக்கியமான காரணம் இருப்புப் பதிவேட்டில் இருக்கிறது.

பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகளில் நூலகர் பணியிடமே கிடையாது. தமிழாசிரியரோ சமூக அறிவியல் ஆசிரியரோ கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறார். மேசை, நாற்காலி, ஆய்வகக் குடுவை போலவே புத்தகமும் பள்ளியின் இருப்பு. பணிமாறுதல் வந்தாலும் ஓய்வு பெற்றாலும் எண்ணி ஒப்படைக்க வேண்டும். குறைந்தால் கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பயத்தில் அவர் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்வதில் தப்பில்லை. பயத்துக்கு இடம் வைத்திருக்கும் நடைமுறையைத்தான் மாற்ற வேண்டும்.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 215-ஆம் விதி இதற்கு வழி சொல்கிறது. ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது எடுத்துப் பார்க்கப்பட்ட 1000 நூல்களுக்கு 5 நூல் தொலைவதை இயல்பான இழப்பாக ஏற்கலாம். மோசடியோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 1000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். பீரோவில் எத்தனை இருக்கிறது என்பதை வைத்து இந்தக் கணக்கு போடப்படவில்லை, எத்தனை கைமாறின என்பதை வைத்துப் போடப்படுகிறது. 400 பிள்ளைகள் மாதம் ஒரு புத்தகம் எடுத்தால் பத்து மாதத்தில் 4000 வழங்கல். 20 புத்தகம் போனாலும் விதிக்குள் அடங்கிவிடும். திறக்காத பீரோவில் ஒரு புத்தகம் குறைந்தாலும் இழப்பாகக் கழிக்க முடியாது. பள்ளிக் கல்வித் துறையும் மாநகராட்சியும் இதே பொருளில் ஓர் ஆணையைத் தெளிவான தமிழில் ஒவ்வொரு பள்ளிக்கும் அனுப்ப வேண்டும் என்பதே எங்கள் முதல் கோரிக்கை.

வடசென்னைக்கு இது ஏன் அவசரம் என்பது இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். காசிமேட்டிலும் கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் ஒரே அறைக்குள் சமையல், தூக்கம், தொலைக்காட்சி, பாட்டியின் இருமல் எல்லாம் நடக்கிற வீடுகள் ஏராளம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை உட்கார்ந்து படிக்க ஒரு மேசையும் மின்விசிறியும் பள்ளி நூலகத்தில்தான் கிடைக்கும். மாலை பள்ளி விட்டபின் ஒரு மணி நேரம் அந்த அறை திறந்திருந்தாலே போதும், படிப்பில் அதன் பலன் தெரியும்.

சீர்காழியில் 1892-இல் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. இந்த நான்காவது விதி நம் பள்ளிகளில் எங்கே முறிகிறது என்று சொல்கிறேன். வாரம் ஒரு நூலகப் பாடவேளை, வகுப்பில் 40 பேர். தேதி, சேர்க்கை எண் (புத்தகத்துக்குப் பள்ளி இட்ட வரிசை எண்), தலைப்பு, பெயர், வகுப்பு, கையொப்பம் என்று பதிவேட்டில் எழுத ஒருவருக்கு ஒரு நிமிடம். 40 பேருக்கு 40 நிமிடம், மணி அடித்துவிடும். அடுத்த வாரம் அந்தப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வார்.

இதற்கு அதிகச் செலவில்லாத மாற்று உண்டு. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்திலும் தாளில் ஓர் உறை ஒட்டி, அதில் 5 அங்குலம் நீளம், 3 அங்குலம் அகலத்தில் ஓர் அட்டை. அட்டையின் தலையில் சேர்க்கை எண்ணும் தலைப்பும் முன்பே எழுதியிருக்க வேண்டும். எடுக்கும் பிள்ளை தன் பெயரையும் தேதியையும் மட்டும் எழுதி அட்டையைச் சாக்பீஸ் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். வகுப்புக்கு ஒரு பெட்டி. பெட்டியில் அட்டை இருந்தால் புத்தகம் வெளியே இருக்கிறது என்று பொருள். திரும்பி வந்ததும் அட்டை உறைக்குள் போய்விடும். வகுப்புக்கு இரண்டு மாணவர்கள் போதும், ஒருவர் கொடுக்க, ஒருவர் வாங்க. அட்டையைப் புத்தகத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுவதுதான் முதல் மாதம் எல்லாப் பள்ளியிலும் நடக்கும் தவறு. அட்டையை வாங்கிய பிறகே புத்தகம் என்று பழக்கிவிட்டால் தீர்ந்தது.

40 பேருக்கு 40 புத்தகம் வைக்கக் கூடாது, 60 வேண்டும். இல்லையென்றால் கடைசி வரிசைப் பிள்ளைக்கு எப்போதும் கழித்துப் போட்டதே மிஞ்சும். முதுகைக் காட்டி அடுக்காமல் முன்னட்டை தெரிய மேசையில் பரப்புங்கள், அல்லது கொடி கட்டித் தொங்கவிடுங்கள். தேர்வும் முக்கியம். மொத்தமாக வந்து சேர்பவை பெரும்பாலும் தலைவர்கள் வரலாறும் பொது அறிவு வினா விடையும்தான், அதுவும் பொடி எழுத்தில். எழுத்துக்கூட்டி வாசிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளை அதை ஒரு பக்கத்துக்குமேல் தாண்டாது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து வெளியிட்ட சிறு நூல்களை உயர்நிலைப் பள்ளியிலும் தயங்காமல் வையுங்கள். கால்பந்து, குத்துச்சண்டை, கேரம், கப்பல், மோட்டார் எஞ்சின் பற்றிய புத்தகங்கள் இங்கே அலமாரியில் தங்காது.

கடலோரப் பள்ளிகளுக்கு இன்னொரு சங்கடம், ஈரம். ராயபுரம் முதல் எண்ணூர் வரை காற்றில் உப்பும் ஈரமும் கலந்தே வரும். காற்றோட்டமில்லாத இரும்பு பீரோவைப் பூட்டியே வைத்தால் மழைக்காலத்தில் உள்ளே பூஞ்சை பிடிக்கும். பலர் அந்துருண்டை போட்டுவிட்டு நிம்மதியாகிறார்கள். அது பூச்சியை விரட்டும், பூஞ்சையை ஒன்றும் செய்யாது, மூடிய அறையில் அந்த நெடி பிள்ளைகளுக்கும் ஆகாது. தினமும் கதவைத் திறந்துவைப்பதும், அலமாரியைச் சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி வைப்பதும், புத்தகங்களை இறுக்கி அடுக்காமல் விடுவதும்தான் மருந்து. ஈரம் பட்ட புத்தகத்தை வெயிலில் காயவைக்கக் கூடாது, தாள் பழுத்து ஒடியும். நிழலில், மின்விசிறிக் காற்றில், நிமிர்த்தி லேசாக விரித்து வையுங்கள். இரண்டு நாள் தள்ளினால் பூஞ்சை வந்துவிடும். புளியந்தோப்பு, வியாசர்பாடி போன்ற தாழ்வான பகுதிகளில் அக்டோபர் பிறந்ததுமே கீழ்த்தட்டைக் காலி செய்துவிட வேண்டும். மாடி இருந்தால் நூலகம் மாடிக்கே போகட்டும்.

கிழிந்த பக்கத்துக்குச் செல்லோடேப் வேண்டாம். சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் பசை கசிந்து எழுத்தையும் கெடுக்கும். மெல்லிய டிஷ்யூ தாளும் மைதாப் பசையும் போதும். பூச்சி அரிக்காமல் இருக்கப் பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. பழுப்புத்தாளும் அட்டையும் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் மொத்த விலைக்கே கிடைக்கும்.

கடைசியாக, ஆண்டு இருப்புச் சரிபார்ப்பு. அதற்காக மார்ச் மாதமே எல்லாப் புத்தகங்களையும் திரும்ப வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு நிறைய நேரம் இருக்கிற மே மாதத்தில் கையில் ஒன்றும் இருப்பதில்லை. மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போகும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு, ஆறு முதல் ஒன்பது வரை உள்ளவர்களுக்கு ஆளுக்கு மூன்று புத்தகம் கொடுத்து அனுப்பலாம். சரிபார்ப்பை ஜூன் கடைசி வாரத்துக்குத் தள்ளி வைக்கத் தலைமை ஆசிரியருக்கு அதிகாரம் தரும் ஒரு வரியையும் அந்த ஆணையிலேயே சேர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பள்ளி நூலகப் பணியில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81