கலிபோர்னியாவில் துப்பாக்கி வைத்திருக்கும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

வார இறுதியில் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போகும் நம்மவர் கூட்டம் இப்போது நன்றாகவே பெருகிவிட்டது. கூடவே ஒரு பேச்சும் அடிக்கடி காதில் விழுகிறது. "தோட்டா வாங்கப் போனேன், ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. பேசாம நெவாடா போய் ரெண்டு பெட்டி வாங்கிட்டு வந்துடலாம்." தயவுசெய்து அந்த வேலை வேண்டாம். இங்கே குடியிருப்பவர் வெளிமாநிலத்தில் வாங்கிய தோட்டாவை நேராகக் காரில் போட்டுக்கொண்டு வருவது 2018 முதல் குற்றம். இணையத்தில் வாங்கினாலும் உரிமம் பெற்ற கடைக்கு வரவழைத்து, அங்கே வாங்குபவருக்குத் தகுதி உண்டா என்று பார்க்கும் சோதனையை முடித்துத்தான் கையில் வாங்க வேண்டும்.

ரிஜெக்ட் ஆவது வேறு, டினை ஆவது வேறு. டினை என்றால் சட்டப்படி உங்களுக்குத் தோட்டா விற்கக் கூடாது என்று பொருள். ரிஜெக்ட் என்றால் பெரும்பாலும் கணினியில் உங்கள் பதிவு பொருந்தவில்லை, அவ்வளவுதான். 2019 ஜூலையில் இந்தச் சோதனை தொடங்கியபோது முதல் சில மாதங்களில் மட்டும் சுமார் 16 விழுக்காட்டினர் இப்படித் திருப்பி அனுப்பப்பட்டதாக நீதிமன்றப் பதிவே சொல்கிறது. அவர்களில் குற்றவாளிகள் மிகச் சொற்பம். மற்றவர்கள் வீடு மாறியவர்கள், பெயர் மாற்றியவர்கள், பதிவே இல்லாதவர்கள்.

கடைக்காரர் உங்கள் ஓட்டுநர் உரிமத்தைத் தேய்த்ததும், அதிலுள்ள பெயர், பிறந்த தேதி, அடையாள எண், முகவரி நான்கையும் ஏஎஃப்எஸ் என்ற மாநிலத் துப்பாக்கிப் பதிவோடு கணினி ஒப்பிடுகிறது. நீங்கள் துப்பாக்கி வாங்கிய அன்று என்ன எழுதப்பட்டதோ அதுதான் அங்கே இருக்கும். ஃப்ரீமான்ட் அபார்ட்மெண்டில் இருந்தபோது வாங்கிவிட்டு இப்போது ஃபோல்சமில் சொந்த வீட்டில் இருந்தால் முகவரி உதைக்கும். நம்மவர்களுக்குப் பெயரில்தான் கூடுதல் தலைவலி. அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைத்து வந்தோம். குடியுரிமை வாங்கும்போது அதை மாற்றினோம். உரிமம் புதுப் பெயருக்கு வந்துவிட்டது, துப்பாக்கிப் பதிவு மட்டும் பழைய பெயரிலேயே நிற்கிறது. இதற்குக் கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவர் திரையில் காரணம் தெரியாது. அவர் தரும் பரிவர்த்தனை எண்ணை வாங்கிக்கொண்டு வந்து மாநில நீதித்துறையின் தளத்தில் போட்டால் காரணம் தெரியும். அதே துறையின் சிஃபார்ஸ் தளத்தில் முகவரியையும் பெயரையும் திருத்த விண்ணப்பிக்கலாம்.

துப்பாக்கி கணவர் பெயரில் இருந்தால் மனைவிக்குப் பதிவு கிடையாது. அவர் போய் நின்றால் ரிஜெக்ட்தான். 2014க்கு முன்பு வாங்கிய ரைஃபிள், ஷாட்கன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதை. அந்த ஆண்டிலிருந்துதான் நீளத் துப்பாக்கிகளுக்கு மாநிலம் பதிவை வைத்துக்கொள்ளத் தொடங்கியது. இவர்களுக்கு 19 டாலர் கட்டும் அடிப்படைச் சோதனை இருக்கிறது. சில நாள் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஓட்டுநர் உரிமத்தில் கூட்டரசு வரம்புக்கு உட்பட்டது (Federal Limits Apply) என்ற வரி அச்சாகியிருந்தால் பாஸ்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. ஹெச்-1பி, ஹெச்-4, எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற ஒருசில விலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. ஆனால் நம் நண்பர் வட்டத்தில் பாதிப் பேர் இன்னும் விசாவில்தான் இருக்கிறார்கள். "மச்சி, இந்தப் பெட்டியை உன் வண்டியில வை, நாளைக்கு வாங்கிக்கிறேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். கூட்டரசுச் சட்டப்படி வைத்திருந்தவருக்கும், தெரிந்தே கொடுத்தவருக்கும் 15 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். விசா என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து வருடம் வரிசையில் நின்ற ஒரு குடும்பத்தின் வாழ்க்கையை ஐம்பது தோட்டா உள்ள ஒரு பெட்டிக்காகக் கவிழ்த்துவிடாதீர்கள்.

"கோர்ட்டே இந்தத் தோட்டாச் சோதனைச் சட்டம் செல்லாதுன்னு சொல்லிடுச்சே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒலிம்பிக் வீராங்கனை கிம் ரோட் தொடுத்த வழக்கில் 2024 ஜனவரியில் அப்படித் தீர்ப்பு வந்தது உண்மை. 2025 ஜூலையில் மேல்முறையீட்டு அமர்வும் 2-1 என அதையே சொன்னது. ஆனாலும் வழக்கு அதோடு முடிந்துவிடவில்லை, கடையில் சோதனையும் நிற்கவில்லை. செய்தித் தலைப்பை நம்பி நடக்காதீர்கள்.

சோதனை வேண்டும் என்பதுதான் என் கட்சி. 2016 நவம்பரில் இதற்கு வழிசெய்த 63-ஆம் முன்மொழிவை வாக்களித்து நிறைவேற்றியவர்கள் இந்த மாநிலத்து மக்கள். இத்தனை துப்பாக்கிச் சாவு நடக்கும் நாட்டில், வாங்குபவர் யார் என்று ஒரு நிமிடம் பார்ப்பதைத் தொல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. வீடு மாறியவரைக் குற்றவாளியோடு சேர்த்து வரிசையிலிருந்து வெளியே அனுப்பும் ஏற்பாடுதான் தவறு. அதை உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.

அதுவரைக்கும் அடுத்த முறை ரேஞ்சுக்குப் போக அவசரமாகத் தோட்டா வேண்டுமென்றால் அங்கேயே வாங்கி அங்கேயே சுட்டுத் தீருங்கள். வளாகத்தை விட்டு வெளியே போகாத தோட்டாவுக்கு இந்தச் சோதனை கிடையாது. மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட வேண்டாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்