குவாட் பைக் ஓடச் சொல்லித் தருகிறவர்கள் தமிழிலும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறையில் கிளிநொச்சியிலிருந்து வான் பிடித்து மலையகத்தில் இருக்கிற எல்லவுக்குப் போய் வந்தோம். அக்கா குடும்பமும் எங்கள் குடும்பமுமாகப் பதினொரு பேர். அங்கே நடந்த ஒன்றை எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. உங்கள் பத்திரிகையை மலையகத்திலும் வாசிக்கிறார்கள் என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

வன்னியில் வளர்ந்த எங்களுக்கு மேடு என்றால் இரணைமடுக் குளக்கட்டுத்தான். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேலே, எல்லப் பாறைக்கும் சின்னச் சிவனொளிபாதமலைக்கும் நடுவே பள்ளத்தாக்கு வாய் திறந்து தெற்கே சமவெளி வரை தெரிகிற இடத்தில் போய் நின்றபோது அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுத்தாயிற்று, இராவணன் நீர்வீழ்ச்சியையும் பார்த்தாயிற்று, அப்புறம் பிள்ளைகள் குவாட் பைக் என்கிற நாலு சில்லு மோட்டார் வண்டியை ஓட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள்.

நான் லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் திருத்துகிறவன். எனக்கும் ஆசைதான். வழிகாட்டித் தம்பி ஒருவர் முன்னால் போக, எங்கள் நாலு வண்டியும் பின்னால், தேயிலைத் தோட்டத்துப் பாதையால் ஏறினோம். காலைப் பனி இன்னும் செடிகளின் மேல் கிடந்தது, எஞ்சின் சூடு முழங்காலில் அடிக்க முகத்தில் மட்டும் குளிர் பட்டது. கொழுந்து பறிக்கிற அம்மாமார் பாதையை விட்டு ஒதுங்கி நின்று எங்களைப் பார்த்தார்கள். அவர்கள் வேலைக்குப் போகிற பாதையில் நாங்கள் சத்தம் போட்டுக்கொண்டு போவது எனக்கு ஒரு மாதிரி இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புறப்படுவதற்கு முன் பத்து நிமிடம் விளக்கம் கொடுத்தார்கள். முதலில் சிங்களம், பிறகு ஆங்கிலம். கையெழுத்துக்கு நீட்டிய படிவம் முழுக்க ஆங்கிலம். நாங்களும் எல்லாவற்றுக்கும் "ஹரி, ஹரி" (சரி, சரி) என்று சிங்களத்தில் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டோம். வண்டியின் மட்கார்டில் ஒட்டியிருந்த எச்சரிக்கைத் தாளில் சேற்றுக்கு நடுவே 16 என்ற இலக்கம் மட்டும்தான் எனக்குப் பிடிபட்டது. 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரிய வண்டியை ஓடக் கூடாது என்பதுதான் அது.

குவாட் பைக்கைப் பார்த்தால் நாலு சில்லு இருக்கிறது, விழாது என்று தோன்றும். உண்மை அப்படியில்லை. பல வண்டிகளில் பின் சில்லு இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டியவை, திருப்பத்தில் இரண்டு சில்லையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடுகிற டிஃபரென்ஷியல் கார் மாதிரி இல்லை. ஹாண்டிலை மட்டும் திருப்பினால் அது நேரே தள்ளிக்கொண்டு போகப் பார்க்கும், உடம்பை வளைவின் உட்பக்கம் சாய்க்க வேண்டும். ஏற்றத்தில் முன்னால் குனிய வேண்டும், இறக்கத்தில் பின்னால் சரிந்து சின்னக் கியரில் எஞ்சினைக் கொண்டே வேகத்தைப் பிடிக்க வேண்டும். அக்சிலேட்டர் வலது பெருவிரலால் அழுத்துவது, பயந்து ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்கிறவன் தன்னை அறியாமல் அதையும் அழுத்திவிடுவான். எல்லாவற்றையும் விட முக்கியம், எந்தக் காரணத்துக்காகவும் காலைக் கீழே ஊன்றக் கூடாது. மோட்டார் சைக்கிள் பழகியவனுக்கு வண்டி சரிந்தால் கால் தானாக நிலத்துக்குப் போகும். குவாட் பைக்கில் அப்படி நீட்டினால் பின் சில்லு காலின் மேல் ஏறும்.

மருமகனுக்கு 17 வயது. ஒரு செங்குத்தான திருப்பத்தில் வண்டி ஒரு பக்கம் கிளம்பியது, அவன் காலை நீட்டினான். சில்லு குதிக்காலைப் பிடித்து இழுத்தது, சத்தம் போட்டான். முன்னால் போன தம்பி வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து எஞ்சினை நிறுத்தினார். பிறகு அவர் வாயிலிருந்து வந்தது தமிழ்: "காலை அசைக்காதீங்க தம்பி, அப்படியே இருங்க, நான் வண்டியைத் தூக்குறேன்."

நாங்கள் எல்லோரும் அவரையே பார்த்தோம். கீழே தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருக்கிற பிள்ளை. "நீங்க தமிழ்னு தெரியலையே அண்ணே, தெரிஞ்சிருந்தா எல்லாத்தையும் நானே சொல்லியிருப்பேனே" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அரை மணி நேரமாக அவரும் நாங்களும் ஆளுக்கு ஆள் சிங்களத்தில் தடுமாறிக்கொண்டிருந்திருக்கிறோம். அவருடைய பெரியம்மா குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் வந்து தருமபுரத்தில் குடியேறியவர்களாம். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எலும்பு முறியவில்லை. மூன்று கிழமை வீக்கம், இப்போது நடக்கிறான். ஆனால் இந்த வண்டிகள் பல 200 கிலோவுக்குக் குறையாதவை. அது புரண்டு மேலே விழுந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாயிற்று. அது அரச அலுவலகங்களுக்குத்தான், தனியாரைக் கட்டாது என்று யாராவது சொல்லலாம். நான் சட்டம் பேச வரவில்லை. எங்கள் ஊரில் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும், இறக்கத்தில் லான்ட்மாஸ்டரின் வலது கிளச்சைப் பிடித்தால் அது எதிர்மாறாக இடது பக்கம் திரும்பும் என்று. அது எப்படித் தெரியும்? தகப்பனோ மாமனோ வயல் வரம்பில் வைத்து, அவனுக்கு விளங்குகிற பேச்சில், இரண்டு தரம் சொல்லியிருப்பார்கள்.

வடக்கிலிருந்தும் வன்னியிலிருந்தும் இப்போது நிறையப் பேர் எல்ல, நுவரெலியா என்று போகிறார்கள், வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தங்களையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். போகிறவர்கள் முதல் வார்த்தையைத் தமிழிலேயே கேளுங்கள், அங்கே வேலை செய்கிற பிள்ளைகளில் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நடத்துகிறவர்கள், வந்தவர்களுக்கு எந்த மொழி விளங்கும் என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், படிவத்தைத் தமிழிலும் அடியுங்கள், தட்டையான இடத்தில் ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தபிறகு மலைக்கு ஏற்றுங்கள். சொல்ல வேண்டியதைத் தமிழில் எழுதினால் அரைப் பக்கத்துக்கு மேல் வராது. எழுத ஆள் இல்லையென்றால் நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
உழவு இயந்திரம் திருத்தும் ஒரு வாசகன்,
கிளிநொச்சி