ரயில் போன ஊரும் ரயில் நின்ற ஊரும்

லெஸ்டர், இங்கிலாந்து,
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நாளிதழை மீண்டும் நீங்களே படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று எழுதியிருந்தது பெரும் நிம்மதியைத் தந்தது. மகள் வீட்டில் நாங்கள் அனைவரும் நலம்.

சென்ற வாரம் லஃப்பரோ நிலையத்திலிருந்து லெஸ்டர் வடக்கு வரை, ஏறத்தாழ 13 கிலோமீட்டர், நீராவி ரயிலில் சென்றேன். 1899 இல் லண்டனை நோக்கிப் போடப்பட்ட கிரேட் சென்ட்ரல் பாதையின் எஞ்சிய பகுதி அது. 1969 இல் மூடப்பட்டதை ஆர்வலர்கள் மீட்டு, பெரும்பகுதியை இரட்டைப் பாதையாகவே இன்றும் பேணி வருகிறார்கள். மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டாத அந்த ஓட்டத்தில், கரிப்புகையும் சூடான எண்ணெயும் கலந்த வாசனை வந்தபோது பொன்மலைப் பணிமனையில் நாம் கழித்த ஆண்டுகள் அத்தனையும் திரும்பி வந்தன. ஊதியம் வாங்காத தொண்டர்கள் பித்தளைக் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்த பக்குவத்தைக் கண்டிருந்தால் நீங்களும் கையில் ஒரு துணியை எடுத்திருப்பீர்கள்.

மூன்று நாள் கழித்து, நாட்டிங்காம்ஷயரில் உள்ள சவுத்வெல் என்ற சிற்றூருக்கு மகள் அழைத்துச் சென்றாள். அங்கு 1847 இல் வந்த ரயில் பாதையில் பயணிகள் வண்டி 1959 இல் நின்றுவிட்டது. இப்போது அது நடைபாதை. ஆனால் அந்த ரயிலுக்கும் முன்பே, 1824 இல், எழுந்த ஏழையர் விடுதி அப்படியே நிற்கிறது. குடியிருப்புகளாக மாற்றப்பட இருந்த அந்தச் செங்கல் கட்டடத்தை, பழம்பெரும் இடங்களைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம் 1997 இல் வாங்கிக் காப்பாற்றியது.

அதைக் கட்டுவித்தவர் ஜான் பீச்சர் (Becher) என்ற பாதிரியார். சுற்றியுள்ள திருச்சபை வட்டங்கள் செலவைப் பகிர்ந்துகொள்ள, 158 பேர் தங்கும்படி அமைத்தார். உள்ளே வருபவருக்குக் கூரையும் சோறும் உண்டு. ஆனால் கணவனும் மனைவியும் பிள்ளைகளும் வெவ்வேறு பகுதிகளுக்குப் பிரிக்கப்படுவார்கள், ஒருவரை ஒருவர் எதிர்ப்படாதபடி படிக்கட்டுகள்கூடத் தனித்தனி. நடுவில் இருக்கும் கண்காணிப்பாளரின் அறைச் சாளரங்களிலிருந்து முற்றங்களைப் பார்க்கலாம். பழைய கயிறுகளை விரலால் பிரித்து நாராக்குவது அங்கு ஒரு வேலை. அந்த நார் கப்பல் பலகைகளின் இடுக்கை அடைக்கப் பயன்பட்டது. வேறு கதியே இல்லாதவன்தான் வாசலை மிதிக்க வேண்டும் என்பதற்காக, வேண்டுமென்றே கடினமாக்கப்பட்ட இல்லம் அது. 1834 ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் நாடெங்கும் இம்முறையைப் பரப்பியது. ஆண்டோவர் என்ற ஊரின் விடுதியில் உரத்துக்காக எலும்பு உடைக்க விடப்பட்டவர்கள், பசி தாளாமல் அவற்றில் ஒட்டியிருந்ததைச் சுரண்டித் தின்றது 1845 இல் வெளிப்பட்டது.

வெறுமையான அந்தப் படிக்கட்டில் நெடுநேரம் நின்றேன். தாய் ஒரு படிக்கட்டில் இறங்க, பிள்ளை மற்றொன்றில் ஏறியிருக்கும் என்று எண்ணியபோது நெஞ்சு அடைத்தது. இன்ஜினைக் காப்பதில் மகிழ்ச்சி உண்டு, கைதட்டுவோர் உண்டு. இத்தகைய இடத்தை இடிக்காமல் வைத்திருப்பதற்கு அதைவிடப் பெரிய மனவுறுதி தேவை என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கணக்கு நம் மண்ணுக்கும் வந்ததே என்பதுதான் என்னை வாட்டுகிறது. தாது வருஷப் பஞ்சத்தில், 1877 இல், பஞ்சத்தைப் பார்வையிட அரசு அனுப்பிய அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலை செய்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். உதவி எளிதாகக் கிடைத்தால் மக்கள் உழைக்க மாட்டார்கள் என்ற அதே அச்சம்தான் அங்கும்.

உங்கள் பாட்டி தம் தாயாரிடம் கேட்டறிந்து சொன்ன தாது வருஷக் கதைகளை ஒருமுறை திருச்சி ரயில் நிலைய நடைமேடையில் எனக்குச் சொன்னீர்கள். கஞ்சிக்காக எத்தனை காதம் நடந்தார்கள் என்பது மட்டும் எனக்கு மறந்துவிட்டது. கண் நன்றாகத் தெளிந்த பிறகு, நினைவிலிருப்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான் சித்திரையில் ஊர் திரும்புகிறேன். வந்ததும் வாங்கிப் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்