லூதருக்கு முந்தைய ஆண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐரோப்பியக் கிறிஸ்தவ மதச் சீர்திருத்தம் என்றாலே 1517, மார்ட்டின் லூதர் என்றுதான் பள்ளியில் தொடங்குகிறோம். 1516இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரின் ஃபுரோபென் அச்சகத்தில் டச்சு அறிஞர் எராஸ்மஸ் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. வரலாறு நடத்திய எனக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது.

ஒரு பத்தியில் கிரேக்கம், பக்கத்துப் பத்தியில் அவர் திருத்திய லத்தீன். மத்தேயுவில் ‘மனந்திரும்புங்கள்’ என்று வரும் இடத்தில் பழைய லத்தீன் மொழிபெயர்ப்பில் இருந்ததைப் ‘பரிகாரம் செய்யுங்கள்’ என்றே கத்தோலிக்கச் சபை படித்துவந்தது. கிரேக்கச் சொல் மனமாற்றத்தைச் சொல்கிறது என்று எராஸ்மஸ் காட்டினார். பாவமன்னிப்புச் சீட்டைக் காசுக்கு விற்ற காலத்தில் இது சின்ன விஷயமா? அந்த விற்பனையை எதிர்த்து 1517இல் லூதர் எழுதிய 95 வாசகங்களில் முதலாவதே இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது.

அவசரத்தில் செய்த வேலை, சரி. புதிய ஏற்பாட்டின் கடைசி நூலான திருவெளிப்பாட்டின் கடைசி ஏடு அவரிடம் இருந்த கையெழுத்துப் பிரதியில் இல்லை. அந்த வசனங்களை லத்தீனிலிருந்து தாமே கிரேக்கமாக்கிச் சேர்த்தார். அப்புறம் 1519இல் வந்த இரண்டாம் பதிப்பை வைத்துத்தான் லூதர் வார்ட்பர்க் கோட்டையில் ஜெர்மனுக்கு மொழிபெயர்த்தார். எராஸ்மஸோ கடைசிவரை கத்தோலிக்கராகவே இருந்தார்.

பாடநூலில் ஒரு பத்தியாவது அவருக்கு ஒதுக்க வேண்டும்.

– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், மதுரை